அரிசிச் சாப்பாட்டுக்குள் நுழைந்துவிடும் கோதுமை

கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோய் உறுதியானதும் சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட், ரவை உப்புமா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, "நாம் சாப்பிடுவது இட்லியும் சோறும்தானே, இனி என்ன பயம்" என்று நிம்மதியடைவதுதான் நம் வீடுகளில் நேரும் முதல் தவறு. என் மகளுக்குச் சமைத்தபோது நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஓராண்டாகக் கோதுமைப் பண்டம் எதையும் அவள் தொடவில்லை. ஆனாலும் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் டிடிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவு ரத்தப் பரிசோதனையில் இறங்கவில்லை. சாம்பாரிலும் ரசத்திலும் நான் அன்றாடம் போட்டுவந்த பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த சேர்மானங்களைப் படித்தபோதுதான் 'மைதா' என்ற சொல் கண்ணில் பட்டது.

பெருங்காயப் பிசின் நெடி மிகுந்தது என்பதால், கோந்தும் மாவும் கலந்துதான் பெரும்பாலும் கடைக்கு வருகிறது. அந்த மாவு சிலவற்றில் அரிசி மாவாகவும் பலவற்றில் மைதாவாகவும் இருக்கிறது. தூளில்தான் மாவு கலந்திருக்கும், கட்டி சுத்தமானது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டிப் பெருங்காயத்திலும் மைதா சேர்ப்பதுண்டு. கடையில் வாங்கும் சாம்பார் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் ஆகியவற்றின் வழியாகவும் அதே பெருங்காயம் வந்து சேரலாம் என்பதை நான் இன்னும் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

அடுத்தது மாவு மில். நமக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், இயந்திரத்திலும் மாவு விழும் துணிக் குழாயிலும் ஒட்டியிருப்பது நம் அரிசி மாவோடும் கேழ்வரகு மாவோடும் கலந்துதான் தூக்குக்குள் விழும். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டு விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. ஒரே ஒரு ரொட்டித் துண்டில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் இருக்கிறது என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தத் துணிக் குழாயை ஏன் அஞ்ச வேண்டும் என்பது விளங்கும். ஊறவைத்து உலர்த்திய அரிசியை வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

பாக்கெட்டில் கோதுமை என்ற சொல்லை மட்டும் தேடுவதும் போதாது. சத்து பானங்களில் சேரும் மால்ட் பெரும்பாலும் பார்லியிலிருந்து எடுக்கப்படுவது. பார்லியும் இந்த நோய்க்கு ஆகாது. சோயா சாஸில் கோதுமை சேர்ப்பது வழக்கம்.

ஓட்டலில் பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் ஊற்றுவார்கள். பூரி பொரித்த எண்ணெயில் வடையும் பொரிப்பார்கள். சூட்டில் எல்லாம் போய்விடும் என்று பரிமாறுபவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார், ஆனால் சமையல் சூட்டில் குளூட்டன் அழிவதில்லை. வயிறு வலிக்கவில்லை என்பதை வைத்து, சாப்பிட்டது ஒத்துக்கொண்டது என்று முடிவு கட்டுவதும் தவறு. வலியே தெரியாமல் சிறுகுடலின் உறிஞ்சிகள் சிதைந்துகொண்டிருக்கலாம். ஆகவே விசேஷ வீடுகளில் பந்தியில் உட்காரும் முன்பே சமையல்காரரிடம் சென்று, ரசத்தில் எந்தப் பெருங்காயம் போட்டீர்கள், அந்த டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டுவிடுகிறேன்; அது கிடைக்காத நாளில் மகளுக்கு வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற தயிர்சாதம்தான்.