தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்பது எப்படி?

இலவச மாலைநேர வகுப்போ இரத்ததான முகாமோ, தன்னார்வலர்கள் வேலை செய்யும் இடத்தில் அவர்களை ஒருங்கிணைப்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவராகத்தான் இருப்பார். சம்பளம் வாங்காதவரைக் கண்டிக்கத் தயங்கும் அவருடைய சங்கடம், அதே பொறுப்பில் வேறோர் அமைப்பில் இருப்பவருக்குச் சொல்லாமலே புரியும். அப்படிப்பட்டவர்கள் கூடிக் கற்பதற்கு ஏற்ற முறை ஒன்று பிரிட்டனில் உருவானது. 1940களில் அந்நாட்டு நிலக்கரி வாரியத்தில் கல்விப் பொறுப்பை வகித்த ரெஜ் ரெவன்ஸ், சுரங்க மேலாளர்கள் தங்கள் சிக்கல்களைத் தங்களுக்குள் பேசியே கற்க வேண்டும் என்று வாதிட்டார். ஆக்‌ஷன் லேர்னிங் எனப்படும் இம்முறையும், நம் தொடக்கப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலும் வேறு வேறு.

படி 1: வெவ்வேறு அமைப்புகளிலிருந்து ஐந்து முதல் ஏழு பேரைச் சேர்த்து ஒரு வட்டமாக்குங்கள். ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியாக இருந்தால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

படி 2: மாதம் ஒருமுறை, இரண்டரை மணி நேரம் என்று ஆறு சந்திப்புகளுக்கான தேதிகளை முதலிலேயே குறித்துவிடுங்கள். பேசியது வெளியே போகக்கூடாது. தன்னார்வலர்களின் பெயரை வட்டத்துக்குள்ளும் சொல்ல வேண்டாம்.

படி 3: ஒரு சந்திப்பில் மூன்று பேருக்கு மேல் பேசும் முறை கொடுக்காதீர்கள்; ஒரு முறைக்கு நாற்பது நிமிடம் போதும். முதல் பத்து நிமிடம் முறை பெற்றவர் குறுக்கீடின்றித் தம் சிக்கலைச் சொல்லட்டும். நேரம் பார்க்கும் பொறுப்பைச் சுழற்சியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: இனி மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம், அறிவுரை கூடாது. புதிதாகத் தொடங்கும் வட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன, ஏனென்றால் பிறர் வேலையை ஒழுங்குபடுத்தியே பழகியவர்களுக்கு வாயை அடக்குவது எளிதன்று. வகுப்பெடுக்க வருவதாகச் சொன்ன கல்லூரி மாணவர்கள் மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். “நீங்கள் ஏன் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கக் கூடாது?” என்பது கேள்வி வேடம் போட்ட அறிவுரை. “நின்றவர்களில் யாரிடமாவது காரணம் கேட்டீர்களா?”, “முதல் நாளன்று அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டால் அவர் தாம் செய்ததையே திரும்பிப் பார்ப்பார். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று தோன்றும், நிரப்பாதீர்கள்.

படி 5: முறை முடிவதற்குள், அடுத்த சந்திப்புக்கு முன் தாம் செய்யப்போகும் ஒரே ஒரு வேலையை அவர் ஒரு வரியில் எழுதட்டும். “தொடர்பை மேம்படுத்துவேன்” என்பது போதாது. “நின்றுபோனவர்களில் இரண்டு பேரிடம் சனிக்கிழமைக்குள் பேசுவேன்” என்று எழுத வேண்டும்.

படி 6: அடுத்த சந்திப்பை அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள். எழுதியபடி அவர் யாரிடமும் பேசவே இல்லை என்றாலும் கடிந்துகொள்ளாமல், தடுத்தது எது என்று கேளுங்கள். அன்றைய முதல் கேள்வி அதுதான்.