கஞ்சாவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கஞ்சாவைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களும், செய்தி மொழிபெயர்ப்பவர்களும், பாடசாலைகளில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துபவர்களும் முதலில் தடுமாறுவது பெயரில்தான். கஞ்சா என்றால் தெருப்பேச்சு மாதிரி இருக்கிறதே, கனபிஸ் என்று ஆங்கிலப் பெயரையே போடுவோமா? பெயரை மாற்றினால் வாசிப்பவரின் மனமும் மாறிவிடும் என்று நினைக்கிறோம். அது அவ்வளவு சரியில்லை.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபர்ட் மைக்கோஸ், சின்டி காம் இருவரும் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கேள்விகளைச் சிலரிடம், கஞ்சாவுக்கு அமெரிக்காவில் வழங்கும் 'மரிவானா' என்ற பெயரிலும் வேறு சிலரிடம் 'கனபிஸ்' என்ற பெயரிலும் கேட்டுப் பார்த்தார்கள். பதில்களில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 'மருத்துவத் தேவைக்கு' என்று சேர்த்துக் கேட்டபோதுதான் ஆதரவு கூடியது. பெயரைவிட, பெயரோடு ஒட்டி வரும் சொல்லே மனதைத் திருப்புகிறது.

பெயருக்கும் ஒரு காலத்தில் வேலை இருந்தது. 1937இல் அமெரிக்காவில் மரிவானா வரிச் சட்டம் வந்தபோது, மருத்துவச் சங்கத்தின் சார்பில் சாட்சியமளித்த வைத்தியர் வில்லியம் வுட்வேர்ட் அதை எதிர்த்தார். தாங்கள் கனபிஸ் என்று அறிந்திருந்த மருந்தைத்தான் இந்தப் புதுப்பெயர் குறிக்கிறது என்பது வைத்தியர்களுக்கே தெரியவில்லை என்பது அவருடைய முறைப்பாடு. நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் கஞ்சா என்ற சொல்லே பரவலாகப் புழங்குகிறது. கஞ்சா என்றே தயங்காமல் எழுதலாம்.

கவனம் வேண்டியது ஒட்டுச் சொற்களில். 'கேரள கஞ்சா' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் பிடிபடும் பொதி எதுவானாலும் செய்தியில் அது கேரள கஞ்சா ஆகிவிடுகிறது. நமக்கு எதிரே இருப்பது தமிழ்நாட்டுக் கரை. ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைந்த கஞ்சா அந்தக் கரைக்கு வரும் வழியில் பிடிபட்டதாக இந்தியப் பொலிஸார் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். எங்கே விளைந்தது என்று யாரும் சோதித்துப் பார்க்காதபோது, 'கேரள' என்பது வெறும் சந்தைப் பெயர்தான். ஆனால் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் கொழும்புவாசிக்கு இந்தியா, படகு, வடக்கு மூன்றும் ஒரே மூச்சில் நினைவுக்கு வருகின்றன. நம் நாட்டின் தெற்கே தணமல்வில, சூரியவெவ பக்கக் காடுகளில் பொலிஸார் எரிக்கும் கஞ்சாத் தோட்டங்களின் செய்திக்கு அப்படி எந்த ஊர்ப்பெயரும் ஒட்டுவதில்லை. தமிழில் எழுதும் நாமே இந்தச் சொல்லை யோசிக்காமல் அடித்துவிடுவது எனக்கு வருத்தமான விஷயம். கடல் வழியாகக் கொண்டுவரப்பட்ட கஞ்சா என்று எழுதினால் போதும். ஊர்ப்பெயர் தேவையென்றால் அப்படிச் சொன்னது பொலிஸார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது 'போதைப்பொருளுடன் கைது' என்ற தலைப்பு. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸாரின் 'யுக்திய' சுற்றிவளைப்புகள் தொடங்கியபோது நாள்தோறும் இப்படித்தான் தலைப்புகள் வந்தன. ஹெரோயின், ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன், கஞ்சா எல்லாம் ஒரே பைக்குள். சட்டம்கூட அப்படிப் பார்ப்பதில்லை. இலங்கையில் போதைப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்கு 1984இல் வந்த திருத்தம் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி நிறை வகுத்தது. ஹெரோயினில் 2 கிராமே மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ போதுமானது. கஞ்சாவின் கணக்கு கிலோவில். ஐஸ் 2022இல்தான் சேர்க்கப்பட்டது. எனவே தலைப்பிலேயே பொருளின் பெயரும் நிறையும் வரட்டும். கோடி ரூபா 'பெறுமதி' என்பது பெரும்பாலும் பொலிஸாரின் மதிப்பீடு. அதைக் கீழே போடலாம்.

ஆளைக் குறிக்கும் சொல்லில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். 2010இல் ஜோன் கெலியும் கசாண்ட்ரா வெஸ்டர்ஹோஃபும் மனநலத் துறையினரிடம் ஒரே ஆளைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தார்கள். சிலருக்கு 'துஷ்பிரயோகம் செய்பவர்', வேறு சிலருக்கு 'பாவனைக் கோளாறு உள்ளவர்'. முதல் சொல்லை வாசித்தவர்கள், சிகிச்சை கொடுக்கப் பயிற்சி பெற்றவர்களாக இருந்தும், அந்த ஆளையே குற்றம் சொல்லவும் தண்டிக்கவும் அதிகம் சாய்ந்தார்கள். அப்படியிருக்க 'கஞ்சாக்காரன்', 'குடுகாரன்' என்று மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பையனுக்குப் பட்டம் கட்டினால், அந்த வீட்டார் எந்த வைத்தியரிடம் தைரியமாகப் போவார்கள்?

மறுபக்கத் தவறும் உண்டு. 'மூலிகைதானே', 'இயற்கையானதுதானே' என்பது. ஊமத்தையும் இயற்கைதான். பதின்ம வயதில் தொடங்கி அடிக்கடி பாவிப்பவர்களுக்கு, அதிலும் வீரியம் கூடிய கஞ்சாவில், மனப்பிறழ்வு ஆபத்து கூடுகிறது. கஞ்சா சேர்ந்த மதன மோதகம் என்ற நாட்டு மருந்தை 'ஆயுர்வேதம்' என்ற ஒரு சொல்லை நம்பி இனிப்பு மாதிரி வாயில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து என்றால் எந்த நோய்க்கு, எந்த அளவு, யார் கொடுத்தது என்பதும் கூடவே வர வேண்டும்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழுவில் நடந்த வாக்கெடுப்பும் இப்படித்தான் திரிந்தது. 1961ஆம் ஆண்டுப் போதைப்பொருள் உடன்படிக்கையின் நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க 27 நாடுகள் ஆதரவாகவும் 25 எதிராகவும் வாக்களித்தன. 'கஞ்சா ஆபத்தில்லை என்று ஐ.நா. சொல்லிவிட்டது' என்று பகிர்ந்தார்கள். முதலாம் அட்டவணையில் அது அப்படியே இருக்கிறது, கட்டுப்பாடும் இருக்கிறது. நீங்கியது, மருத்துவப் பயன் அரிது என்று கருதப்படும் பொருட்களின் பட்டியலிலிருந்து மட்டும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். நாருக்காக வளர்க்கும், போதை மிகக் குறைந்த கஞ்சா வகையைச் 'சணல்' என்று மொழிபெயர்க்கிறார்கள். நம் வாசகருக்குச் சணல் என்றால் சாக்குப் பை. அது முற்றிலும் வேறு செடி. 2022 நவம்பர் வரவு செலவுத் திட்ட உரையில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்ப்பதை ஆராயும் யோசனை வந்தது. அந்த விவாதம் தொடரும்போது, நார்க் கஞ்சாவா மருந்துக் கஞ்சாவா என்று பிரித்து எழுதுங்கள். சாக்குப் பைக்கு ஏன் இவ்வளவு சண்டை என்று யாரும் குழம்ப வேண்டியிருக்காது.