காலாவதியான பிளேர்களை என்ன செய்வது? படகு வைத்திருப்போருக்கு ஒரு செய்முறை விளக்கம்

வாழைச்சேனைத் துறைமுகத்தில் நிற்கும் பலநாள் படகோ, கல்முனை, ஒலுவில் பக்கத்துப் படகோ, அதில் ஆபத்து பிளேர் பெட்டி (கடலில் ஆபத்து வந்தால் உதவி கேட்டு எரிக்கும் சைகைக் குழல்கள் உள்ள பெட்டி) இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். குழலின் மேலேயே காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் தயாரித்ததிலிருந்து 3 வருடம் அளவுக்குத்தான் கொடுப்பார்கள். மாரியில் கடல் கொந்தளித்துப் படகு கரையில் கிடக்கும் நாட்கள் இந்த வேலைக்குத் தோதானவை.

திகதி முடிந்த பிளேரில் வெடிமருந்து அப்படியேதான் இருக்கிறது. அது சரியாக எரியும் என்ற உத்தரவாதம்தான் முடிந்துபோகிறது. உப்புக்காற்றும் ஈரமும் ஏறிய பழைய குழல் எரியாமல் விடலாம், நேரம் பிந்தி எரியலாம், கையிலேயே வெடிக்கவும் கூடும்.

முதலில், பிரித்து வையுங்கள்

பழையதைப் புதியதோடு ஒரே பெட்டியில் விடாதீர்கள். இருட்டில், அலைக்குள், அவசரத்தில் கை எதை எடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? பழையவற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு, 'காலாவதி' என்று பெரிதாக எழுதுங்கள். பெற்றோல், மண்ணெண்ணெய், அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டிலும் வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத, நிழலான, ஈரமில்லாத இடம் வேண்டும். மூடியைக் கழற்றுவது, கயிற்றை இழுத்துப் பார்ப்பது கூடவே கூடாது.

குழல் வீங்கியோ வெடித்தோ துருப்பிடித்தோ மருந்து கசிந்தோ இருந்தால் அதைத் தொடாமல், ஆட்களை விலக்கிவிட்டு நேரே பொலிசுக்கு அறிவியுங்கள்.

செய்யவே கூடாதவை

தண்ணீரில் ஊறவைத்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். கையில் பிடித்து எரிக்கும் கைப் பிளேர் ஒரு நிமிடம் எரிய வேண்டும், 10 செக்கன் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் தொடர்ந்து எரிய வேண்டும் என்பது அதன் சர்வதேசத் தரம். கடலில் அணையக் கூடாது என்றே செய்த பொருளை வாளித் தண்ணீர் என்ன செய்யும்?

குப்பையோடு போட்டால் வளவில் குப்பை கொளுத்தும்போது எரியும், அல்லது குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். வாவியில் எறிந்தால் யாருடைய வலையிலாவது வரும். மணலில் புதைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. கண்ணிவெடி அகற்ற எத்தனை வருடம் பாடுபட்ட மண் இது! தெரியாத குழாயைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, நாமே இன்னொன்றைப் புதைக்கலாமா?

கொண்டாட்டத்துக்கு வானத்தில் விடுவதும் கூடாது. பரசூட் ராக்கெட் என்ற வகைப் பிளேர் குறைந்தது 300 மீற்றர் மேலே போய் 40 செக்கன் சிவப்பாக எரியும். அதைப் பார்ப்பவர்கள் யாரோ கடலில் தத்தளிக்கிறார்கள் என்று தேடிப் புறப்படுவார்கள். உண்மையான ஆபத்து இல்லாமல் இந்தச் சைகையைக் காட்டக் கூடாது என்று கடலில் கலங்கள் மோதாமல் இருப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளும் சொல்கின்றன. எரிந்துகொண்டே இறங்குவது யாருடைய கிடுகுக் கூரையில் விழுமோ என்பதும் இருக்கிறது.

சரி, யாரிடம் கொடுப்பது?

புதியது வாங்கும் கடையில் பழையதைத் திருப்பி எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ கடற்படை முகாமுக்கோ தகவல் கொடுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. எத்தனை குழல், ராக்கெட்டா கைப் பிளேரா புகைச் சைகையா, என்ன திகதி, எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லுங்கள். வெடிபொருளை முறைப்படி அழிக்கப் பயிற்சி பெற்றவர்கள் பொலிசிலும் கடற்படையிலும் இருக்கிறார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் வாளியோடு வாசலில் போய் நிற்க வேண்டாம். அவர்கள் வந்து எடுப்பார்களா, நீங்கள் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். கொண்டுவரச் சொன்னால் பஸ்ஸில் ஏற்றாதீர்கள். சொந்த வாகனத்தில், வாளி உருளாமல் இறுக்கி வைத்து, யாரும் சிகரெட் பற்றவைக்காமல் கொண்டுபோங்கள். ஒப்படைத்ததற்கு ஒரு துண்டு எழுதி வாங்கினால் நல்லது.

தற்செயலாகக் குழல் பற்றிக்கொண்டால் அணைக்கப் போகாதீர்கள். வெளிச்சத்தை உற்றுப் பார்க்காமல், காற்று வரும் பக்கமாக விலகி ஓடுங்கள். சுட்டுவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்து, 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

இன்னொன்று: புதிய பிளேர் படகில் ஏறும்வரை தொழிலுக்குப் போகாதீர்கள். ஏற்றிய அன்றே அதன் காலாவதித் திகதியைச் சுக்கான் அறைச் சுவரில் பெயின்ரால் எழுதிவிடுங்கள்.