பிரியோலோவின் காட்டில் செய்யக்கூடாத தவறுகள்

அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில் சாவ் மிகேல் என்ற தீவின் கிழக்கு மலைகளை விட்டால் பிரியோலோ என்ற குருவியை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஆரஞ்சுத் தோப்பில் மொட்டுகளைக் கொத்துகிறது என்று சுட்டார்கள், அப்புறம் மேய்ச்சலுக்காக அது வாழும் லாரல் காட்டையே, அதாவது எப்போதும் பச்சையாக நிற்கும் ஈரக் காட்டையே, அழித்தார்கள். 2003இல் பெரிய அளவில் காட்டை மீட்கும் வேலை தொடங்கியது. 2005இல் மிக மோசமான ஆபத்து நிலையில் இருந்த இந்தக் குருவி 2016இல் அதைவிட இரண்டு படி பாதுகாப்பான நிலைக்கு வந்துவிட்டது. எனக்கு இது பெரிய சந்தோஷம். ஆனால் காடு மீண்டு வரும்போதுதான் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகளும் நடக்கின்றன.

பெரிய தவறு, அந்நிய மரங்களை ஒரே மூச்சில் வெட்டிச் சாய்ப்பது. கிளெத்ரா என்ற மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளி இருக்கும் இன்னொரு போர்ச்சுகீசியத் தீவான மதேய்ராவின் லாரல் காட்டில் அது சொந்த மரம், சாவ் மிகேலிலோ காட்டை விழுங்கும் களை. "அதுவும் லாரல் காட்டு மரம்தானே" என்று விட்டுவைக்கக் கூடாது. அதற்காக இன்றைக்கே மொத்தத்தையும் வெட்டவும் கூடாது, ஏனென்றால் மற்ற தீனி குறைந்துபோகும் குளிர்காலத்தில் பிரியோலோ பெரணிகளோடு இந்தக் களையின் விதைகளையும் தின்றுதான் காலத்தை ஓட்டுகிறது. சிறு சிறு துண்டாக எடுங்கள், எடுத்த இடத்தில் உள்ளூர்ச் செடி தலையெடுத்த பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். செங்குத்துச் சரிவை மொட்டையடித்தால் மழையில் மண்ணும் சரிந்து வந்துவிடும்.

இமயமலைப் பக்கமிருந்து போன காட்டு இஞ்சியைத் தண்டோடு மட்டும் வெட்டுவது வீண் வேலை. கிழங்கு மண்ணுக்குள் பாய் விரித்த மாதிரி கிடக்கும், ஒரு துண்டு மிஞ்சினாலும் துளிர்க்கும், அதன் மேல் எந்த நாற்றும் முளைக்காது. கிழங்கோடு எடுங்கள், மறு வருடமும் போய்ப் பாருங்கள்.

அடுத்தது, லாரல் நாற்றை மட்டும் வரிசையாக நட்டுவிட்டு காடு வந்துவிட்டது என்று நினைப்பது. வசந்தத்தில் அந்தக் குருவிக்கு ஹாலி மரத்தின் பூமொட்டு வேண்டும், கோடையில் புல்பூண்டுகளின் விதை வேண்டும், அதனால் வெயில் விழும் திறந்த ஓரங்களை எல்லாம் அடைத்துவிடாதீர்கள். நாற்றுக்கான விதையை அதே தீவிலிருந்து எடுங்கள், வேறு தீவு மரம் என்ன செய்யும் என்பதற்கு கிளெத்ராவே சாட்சி. கூட்டில் கை வைக்கும் எலிகளையும் கவனியுங்கள்.

நட்ட நாற்றை எண்ணினால் மட்டும் போதாது. ஜனவரியிலும் காட்டுக்குள் போய், குருவி எதைக் கொத்துகிறது என்று நின்று பாருங்கள். இன்னும் கிளெத்ராவைத்தான் கொத்துகிறது என்றால் அந்தத் துண்டை இந்த வருடம் தொடாதீர்கள்.