கையெழுத்துப் போடுவதற்கு முன்

குழந்தை வேண்டி அலைந்த எங்கள் மருத்துவக் கோப்பில் முதல் நான்கு ஆண்டுகளின் தாள்கள் எல்லாம் என் பெயரில்தான் இருக்கின்றன. ஸ்கேன், ஹார்மோன் அளவு, கருக்குழாய்ப் படம், மறுபடியும் ஸ்கேன். ஐந்தாம் ஆண்டில்தான் என் கணவர் பெயரில் ஒரே ஒரு தாள் வருகிறது. விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்று அதில் இருந்தது. ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடுகிற பரிசோதனை அது. அதை முதலில் யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. சேமிப்பு பெரும்பாலும் கரைந்தபின் கைக்கு வந்த தாள் அது. இப்போது வழி கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

இருவரும் ஒரே வாரத்தில் பரிசோதனைக்குப் போங்கள். பாதுகாப்பு முறை எதுவும் இன்றி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் அதைக் குழந்தையின்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போகலாம். விந்தணுப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். முடிவு சரியில்லை என்றால் இன்னொரு முறையும் செய்து பாருங்கள். குறை யாரிடம் என்று தீர்ப்பு எழுதுவதற்காக இதைச் செய்வதில்லை. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இதைச் சந்திக்கிறார் என்று அந்த நிறுவனம் 2023-இல் கணக்கிட்டது. வெட்கப்பட்டு இழக்கிற மாதங்கள் திரும்பி வருவதில்லை.

காரணம் தெரிந்தபின், அதற்குப் பொருந்தும் எளிய சிகிச்சை உண்டா என்று கேளுங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் முட்டை வெளிவராத பெண்ணுக்கு முதலில் தர வேண்டியது லெட்ரோசோல் என்ற மாத்திரை என்று 2023-இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அதைத் தாண்டி, முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கும் ஐவிஎஃப் பற்றி நேராகப் பேசினால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுபக்கமும் உண்டு. இரண்டு கருக்குழாய்களும் அடைத்திருந்தால் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ-யில் மாதங்களைச் செலவிடாதீர்கள்.

ஐவிஎஃப் என்று முடிவானால் மொத்தச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். ஊசி மருந்து அதில் சேர்த்தியா? முட்டை எடுக்கும் முன்பே சிகிச்சை நின்றுபோனால் எவ்வளவு திரும்பும்? கருவை உறையவைத்தால் ஆண்டுக்கு எவ்வளவு? வெற்றி விகிதம் என்று ஓர் எண்ணைச் சொன்னால் விடாதீர்கள். “என் வயதில் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் எத்தனை பேருக்குக் குழந்தை உயிரோடு பிறந்தது?” என்று கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்ததையே வெற்றி என்று எண்ணும் இடங்கள் இருக்கின்றன. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஐவிஎஃப்போடு கூடுதலாகச் சேர்க்கிற சிகிச்சைகளில்தான் இல்லாதவர் பணம் அதிகம் போகிறது. கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்றார்கள், நானும் செய்துகொண்டேன். 1,300-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில் அதனால் குழந்தைப் பிறப்பு கூடவில்லை என்று தெரிந்தது. இப்படிப்பட்ட சேர்க்கைகளை பிரிட்டனின் கருத்தரிப்பு ஒழுங்குமுறை ஆணையம் பச்சை முதல் சிவப்பு வரை நிறம் கொடுத்து மதிப்பிட்டு வெளியிடுகிறது. எந்த நாட்டில் இருப்பவரும் அதைப் பார்க்கலாம், கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய இரவில் பார்த்துவிடுங்கள்.

அரசுப் பணம் கிடைக்குமா என்று கேட்காமல் கடன் வாங்காதீர்கள். பெல்ஜியத்தில் 43 வயதுக்குள் ஆறு சுழற்சிகள் வரை, அதாவது ஆறு ஐவிஎஃப் முயற்சிகள் வரை, ஆய்வகச் செலவை அரசு ஏற்கிறது. இஸ்ரேலில் இரண்டு குழந்தைகள் பிறக்கும் வரை, சொந்த முட்டையில் செய்தால் 45 வயது வரை அரசு உதவி உண்டு. பிரான்ஸ் 2021-இல் தனியாக வாழும் பெண்களுக்கும் பெண் இணைகளுக்கும் இந்தச் சிகிச்சையின் கதவைத் திறந்தது. இங்கிலாந்தில் 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று சுழற்சிகள் என்று வழிகாட்டுதல் இருந்தும், எத்தனை என்பதை உள்ளூர் நிர்வாகம் தீர்மானிப்பதால் தெரு மாறினால் உரிமையும் மாறிவிடுகிறது. உங்கள் நாட்டில் எதுவுமே இல்லை என்றாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலையிடக் காப்பீடு இரண்டிலும் விசாரியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பதில் மாறியதை நான் கண்டிருக்கிறேன்.

இந்தச் சிகிச்சை விலை உயர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெல்ஜியத்தின் ஹெங்க் நகரில் ஒரு குழு, சிட்ரிக் அமிலத்தையும் சமையல் சோடாவையும் கலந்து கருவுக்குத் தேவையான கரியமில வாயுவை ஒரு சிறு கண்ணாடிக் குழாயிலேயே உண்டாக்கியது. விலை உயர்ந்த வளர்ப்புப் பெட்டி இல்லாமலே கரு வளர்ந்தது, குழந்தைகளும் பிறந்தன. உங்கள் மக்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினால் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் நகல் வாங்கி உங்கள் கையில் வைத்திருங்கள். அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில், எத்தனை முயற்சி என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நாங்கள் ‘இரண்டு’ என்று எழுதினோம். இரண்டாவதும் கைகூடாத மாலையில் என் கணவர் அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார், எதுவும் பேசவில்லை. மூன்றாவதுக்கு முன்பணம் கட்டச் சொல்லி மறுநாள் வந்த அழைப்பை நாங்கள் எடுக்கவில்லை.