வெளிநாட்டிலிருந்து மதுரைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் மதுரைக்கு வரும்போது கையில் ஒரு அட்டவணையோடு வருகிறார்கள். காலை 10 மணிக்குக் கோயில், 12 மணிக்கு நாயக்கர் மகால், மதியம் துணிக்கடை, சாயங்காலம் சித்தப்பா வீடு. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் மதுரைக்கு விடியற்காலையும் ராத்திரியும்தான் உயிர். உச்சி வெயிலில் ஊரே கொஞ்சம் படுத்து எழும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களே அதை மறந்துவிட்டு வருவதுதான் ஆச்சரியம்.

மீனாட்சி அம்மன் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான் திறக்கும். பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, வண்டியை எங்கே விடுவது என்று மாசி வீதியைச் சுற்றி, வரிசையில் நின்றால் பாதி நாள் போய்விடும். நேரம் மாறியதில் எப்படியும் மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது அல்லவா? புரண்டு படுக்காமல் குளித்துவிட்டு நடை திறக்கும்போது போய் நில்லுங்கள். வருகிற வழியில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டையும் பார்த்துவிடலாம். டிசம்பரில் வருகிறவர்கள் மட்டும் மல்லிகை விலையைக் கேட்டுக் கத்தாதீர்கள். பனிக்காலத்தில் வரத்து குறையும், விலை ஏறும். பூக்காரம்மா உங்களைப் பார்த்து ஏற்றிச் சொல்லவில்லை.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. 2018இல் நடந்த தீவிபத்துக்குப் பிறகு வந்த தடை இது. போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அரைக்கால் சட்டையோடு வந்த பேரனை வாசலில் நிறுத்தினால் காவலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், ஒரு வேட்டி போதும். அப்புறம், எதிரே புதுமண்டபத்தில் தையல்காரர்களையும் பாத்திரக்கடைகளையும் தேடி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் போன வருஷத் தேதியை வைத்து டிக்கெட் போடுவது இன்னொரு தவறு. அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டி. 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12. கிட்டத்தட்ட மூன்று வாரம் தள்ளிப்போனது! பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு லீவு கேளுங்கள். அன்றைக்கு ஆற்றைத் தாண்டுவது பெரும்பாடு என்பதால், தல்லாகுளம் பக்கம் தங்குவதா, டவுன் பக்கம் தங்குவதா என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வந்த முதல் நாளே கறி தோசை, கோலா உருண்டை, ஜிகர்தண்டா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிட்டு, மூன்றாம் நாள் ரசஞ்சோற்றோடு படுத்துக் கிடப்பவர்களை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

மனஸ்தாபம் வருவது சொந்தக்காரர்கள் விஷயத்தில்தான். நீங்கள் இல்லாத வருஷங்களில் பெரியப்பா போயிருப்பார், பக்கத்து வீட்டு அத்தை போயிருப்பார். போனில் அழுதது கணக்கில் வராது. ஊருக்கு வந்ததும் முதலில் மிதிக்க வேண்டியது அந்த வீட்டு வாசலைத்தான். கல்யாண வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் பத்து நாள் கழித்துத் துக்கம் கேட்கப் போனால், “இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?” என்று ஒரு வார்த்தை வரும். அது காலத்துக்கும் நிற்கும். செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கப் போவதில்லை என்று பலர் பார்ப்பார்கள். சாக்லேட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கிளம்பும்போது “போயிட்டு வர்றேன்” என்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அதை வாதாட அந்த வீட்டுத் திண்ணை இடமில்லை.

மற்ற வீடுகளுக்கு ஒரே நாளில் ஐந்தாறு என்று போகாதீர்கள். “காபி மட்டும் போதும்” என்று காரை அணைக்காமல் வந்து போனவரைப் பற்றித்தான் அடுத்த வருஷம் வரைக்கும் பேச்சு. இரண்டே வீடு என்றாலும் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதுவும் மதியம் இரண்டரைக்குக் கதவைத் தட்டி, படுத்திருக்கும் பெரியவர்களை எழுப்ப வேண்டாம்.

கடைசியாக, நிலம். ஊர்ப்பாசம் பொங்கும் நேரம் பார்த்து, அழகர்கோவில் ரோட்டிலோ நத்தம் ரோட்டிலோ “தோப்பு ஒண்ணு வருது” என்று யாராவது சொல்வார்கள். வெளிநாடுவாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட ஓசிஐ அட்டைக்காரரும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்கச் சட்டத்தில் இடமில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீட்டு மனையோ வீடோ வாங்கலாம். தம்பி பேரில் வாங்கிப்போடலாம் என்ற யோசனையில் உடைந்த குடும்பங்கள் இந்த ஊரில் குறைவில்லை. மனையாகவே இருந்தாலும் வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். “நீங்க ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணிடலாம்ணே” என்று அவசரப்படுத்தும் புரோக்கரிடம், அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.