ஹவுஸ் ஓனர் ஓட்டு யாருக்கு? முடிவெடுக்க ஒரு வழி

சொந்த வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிற யாரிடமாவது தேர்தல் சமயத்தில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், இரண்டாவது நிமிடத்தில் சொத்து வரிக்கு வந்துவிடுவார்கள். "வீட்டு வரியை ஏத்தினவங்களுக்கு என் ஓட்டு கிடையாது சார்" என்று முடித்தும் விடுவார்கள். 2022-ல் நானும் அப்படித்தான் குதித்துக்கொண்டிருந்தேன். பெரம்பூர் பக்கம் வீடு, கீழே குடித்தனக்காரர், மேலே நாங்கள். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, நான் தப்பான தொகைக்குக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று. எந்தக் கட்சிக்குப் போடுங்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் பீரோவில் இருக்கும் ரசீதுக் கட்டை எடுங்கள். சொத்து வரி, மெட்ரோ வாட்டர், கரண்ட் பில், வருமான வரி கட்டினது, பெயின்ட், பிளம்பர், மோட்டார் ரிப்பேர், எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்கு ஒரே தாளில் எழுதுங்கள். கூடவே இன்னொன்றும் எழுத வேண்டும், பலரும் இதை விட்டுவிடுவார்கள்: டூ-லெட் போர்டு தொங்கிய மாதங்கள் எத்தனை?

என் தாளில் வந்தது இது. எங்கள் வீடு இரண்டு போர்ஷனும் சேர்த்து 1,150 சதுர அடி. 2022 ஏப்ரலில் வந்த அரசாணைப்படி சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் உயர்வு. 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த அம்பத்தூர், ஆலந்தூர் மாதிரி இடங்களுக்கு இதே வரிசையில் 25, 50, 75, 100. எனக்கு அரையாண்டுக்கு 1,800 ரூபாயாக இருந்தது 3,150 ஆனது, அதாவது வருடத்துக்கு 2,700 ரூபாய் கூடுதல். கோபம் வராமல் இருக்குமா? ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ் போர்ஷனுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். குடித்தனக்காரர் நல்ல மனிதர், பொங்கல் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "குழந்தைய வச்சிக்கிட்டு இன்னொரு மழை தாங்காது அண்ணே" என்று சொல்லிவிட்டுக் காலி செய்தார். இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது, 14,000 வீதம் 28,000 போச்சு. வயரிங், பெயின்ட், கதவு என்று இன்னொரு 35,000. மொத்தம் 63,000. அந்த வரி உயர்வை இருபத்து மூன்று வருடம் கட்டலாம் இந்தப் பணத்தில்!

உங்கள் தாளில் வேறு மாதிரி வரலாம். தி.நகரில் நாலு கடை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு வணிகக் கட்டடம் என்று நேராக 150 சதவீதம் ஏறியது, அவருக்கு வரிதான் பெரிய விஷயம், அவர் கோபம் நியாயம். சோழிங்கநல்லூரில் ஃபிளாட் வாங்கி ஐடி பசங்களுக்கு விட்டிருப்பவருக்குக் கோடைக்கால லாரித் தண்ணீர்தான் முதல் இடத்தில் நிற்கும். சின்ன அபார்ட்மென்ட்காரர்களுக்கு 2022-ல் பொது மின் இணைப்பு யூனிட் சுமார் 8 ரூபாய்க்குப் போனது, 2023-ல் லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்குள், பத்து வீட்டுக்குள் இருக்கும் கட்டடங்களுக்கு மட்டும் 5.50-க்கு இறங்கியது. ஆக "ஹவுஸ் ஓனர்களுக்கு நல்ல கட்சி" என்று ஒன்றை யாராவது காட்டினால் எந்த ஹவுஸ் ஓனர் என்று கேளுங்கள். தாளில் மேலே இருக்கும் மூன்று தொகைகளை வட்டம் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதை மறந்துவிடலாம்.

இப்போது அந்த மூன்றும் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டெல்லிக்குப் போக வேண்டிய கோபத்தைக் கவுன்சிலர் மேல் கொட்டுகிறவர்கள் நம் தெருவிலேயே நிறைய. வாடகை வருமானத்தில் 30 சதவீதம் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி என்பது, கடை வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பது, மாதம் 50,000-க்கு மேல் வாடகை தரும் தனிநபர் வாடகையிலேயே பிடித்துக் கட்டும் வரியான டிடிஎஸ் 2024 அக்டோபரில் 5-லிருந்து 2 சதவீதமானது, வீட்டை விற்றால் வரும் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம் என்று 2024 பட்ஜெட்டில் மாற்றியது, இதெல்லாம் மத்திய அரசு, நாடாளுமன்றத் தேர்தல் சமாசாரம். பத்திரப்பதிவுக் கட்டணம், வழிகாட்டி மதிப்பு, மின் கட்டணம், பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ, மெட்ரோ வாட்டர், வாடகைச் சட்டம் எல்லாம் கோட்டையில். தெரு விளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் மாநகராட்சி. சொத்து வரி மட்டும் கொஞ்சம் சிக்கல்: அரசாணை போடுவது மாநில அரசு, தீர்மானம் நிறைவேற்றி வசூலிப்பது மாநகராட்சி, ஏற்றவில்லை என்றால் உள்ளாட்சி மானியம் கிடையாது என்று நிபந்தனை வைத்தது மத்திய நிதிக் குழு. மூன்று பேருக்கும் பங்கு உண்டு, மூன்று பேரும் அடுத்தவரைக் காட்டுவார்கள்.

அடுத்தது, பழைய நடத்தையைப் பார்ப்பது. தேர்தல் அறிக்கையைப் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுப்பதில்லை. தேர்தல் முடிந்து முதல் இரண்டு வருடத்தில் ஒரு கட்சி என்ன செய்தது என்பதுதான் எனக்குச் சாட்சி. சொத்து வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூலையில் அதிமுக அரசு குடியிருப்புகளுக்கு 50, வாடகைக் குடியிருப்புகளுக்கு 100 சதவீதம் வரை ஏற்றியது. திமுக மாநிலம் முழுக்க ஆர்ப்பாட்டம் செய்தது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது, அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது, ஏப்ரலில் திமுக அரசு ஏற்றியது. இந்த முறை ஆர்ப்பாட்டம் செய்தது அதிமுக. பெயர்ப்பலகையை மாற்றிப் பிடித்த ஒரே நாடகம். சரி, இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும்: சென்னையின் பழைய பகுதிகளில் 1998-க்கு அப்புறம் வரியே திருத்தப்படாமல் இருந்தது, நாமும் இருபது வருடம் பழைய வரியைக் கட்டிக்கொண்டு, வாடகையை மட்டும் வருடா வருடம் ஏற்றிக்கொண்டிருந்தோம். என் வீட்டு வாடகை 1998-ல் 1,500, சொன்னால் மனைவி முறைக்கிறாள்.

வாடகைச் சட்டமும் இப்படித்தான், கட்சி நிறத்தோடு ஒட்டாது. 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் மாட்டி, சவுகார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் நூறு, இருநூறு ரூபாய் வாடகைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தே வயதான ஓனர்கள் உண்டு. அதை எடுத்துவிட்டு வந்த 2017-ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, அதிமுக ஆட்சி. 2021-ல் ஆட்சி மாறியும் சட்டம் மாறவில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கென்று நியமித்த அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். மத்திய அரசு 2021-ல் காட்டிய மாதிரிச் சட்டத்தில் குடியிருப்புக்கு இரண்டே மாதம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய நமக்கு இது கசக்கும், ஆனால் எந்தக் கட்சியும் மேடையில் ஏறி "பத்து மாத அட்வான்ஸை மீட்டுத் தருவோம்" என்று சொல்லாது. குடித்தனக்காரர்கள் ஓட்டும் அவர்களுக்கு வேண்டுமே! அதனால் இந்த விஷயத்தை என் தாளிலிருந்து அடித்துவிட்டேன், ஓட்டைத் தீர்மானிக்க உதவாது.

தண்ணீரில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் வாடகையைத் தீர்மானிப்பது அதுதான். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் நாலு ஏரியும் வறண்டபோது தண்ணீர் இல்லாத வீட்டைப் பார்க்கவே ஆள் வரவில்லை. மீஞ்சூர் கடல்நீர் ஆலை அதிமுக ஆட்சியில் ஒப்பந்தமாகி 2010-ல் திமுக ஆட்சியில் திறந்தது. நெம்மேலி திமுக ஆட்சியில் அடிக்கல், 2013-ல் அதிமுக ஆட்சியில் திறப்பு. நெம்மேலியின் இரண்டாவது ஆலை 2019-ல் அதிமுக ஆட்சியில் அடிக்கல், 2024-ல் திமுக ஆட்சியில் திறப்பு. எங்கள் பக்கம் வரும் இரண்டாம் கட்ட மெட்ரோ ரயிலும் அப்படியே: 2020-ல் அடிக்கல், பணம் யார் தருவது என்று வருடக்கணக்கில் இழுபறி, 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல். ஸ்டேஷன் திறந்தால் பெரம்பூர், அயனாவரம் வாடகை ஏறும், அப்போது மூன்று கட்சி போஸ்டரும் ஒரே சுவரில் இருக்கும். இதில் பார்க்க வேண்டியது ரிப்பன் வெட்டினது யார் என்பதை விட, முந்தைய ஆட்சி ஆரம்பித்த வேலையை வந்தவர்கள் தொடர்ந்தார்களா கிடப்பில் போட்டார்களா என்பதை. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார் ஜெயலலிதா, அன்றைக்குத் திட்டிக்கொண்டே குழி தோண்டினோம், இன்றைக்கு எங்கள் போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது. திட்டின கட்சியின் வேலையும் நம் வீட்டுக்கு நல்லதாக முடியலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்ன கேட்பது? "வீட்டு வரியைக் குறைப்பீங்களா" என்று கேட்டால் "கண்டிப்பா குறைப்போம் அண்ணே" என்றுதான் பதில் வரும், அது கேள்வியே இல்லை. போன முறை நான் கேட்டது, எங்கள் தெரு வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று. ஒருவர் முழித்தார். ஒருவர் "எல்லாம் கடலுக்குத்தான்" என்றார். மூன்றாவது ஆள், சின்னப் பையன், ஓட்டேரி நல்லா என்கிற ஓடை, அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், நடுவில் எந்தப் பாலத்தடியில் அடைக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினான். அவன் கட்சி எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவனுடைய வேட்பாளரைப் பற்றி அரை மணி நேரம் தேடிப் படித்தேன், அந்தப் பதில் அதற்குத் தகும். வார்டு தேர்தலில் இந்த மாதிரி ஆள் பார்த்துப் போடுவதில் எனக்குத் தயக்கம் கிடையாது. 2016-லிருந்து 2022 வரை சென்னையில் கவுன்சிலரே இல்லாமல் ஐந்து வருடத்துக்கு மேல் ஓட்டினோம், அடைத்த சாக்கடைக்கு யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாது. அப்படியிருந்தும் 2022-ல் ஊரில் பாதிப் பேர் கூட ஓட்டுப் போட வரவில்லை.

வேட்பாளரைப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது, தேர்தல் ஆணைய இணையதளத்தில் அவர்களின் பிரமாணப் பத்திரம் கிடைக்கும். எல்லோரும் நகையையும் காரையும் பார்த்துச் சிரித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் வீடுகள் பகுதிக்குப் போங்கள், எத்தனை கட்டடம், எங்கே, அப்புறம் சொத்து வரி பாக்கி என்று ஒரு இடம் இருக்கும், அதையும் பாருங்கள். தன் வீட்டு வரியைக் கட்டாதவர் உங்கள் வரியைப் பற்றிப் பேச வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

கீழ் வீட்டுக்காரரிடம் யாருக்கு ஓட்டு என்று கேட்காதீர்கள். ஓனர் கேட்டால் அது கேள்வியாக இருக்காது, மிரட்டலாகத்தான் அவர் காதில் விழும். வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க அவர் முகவரிச் சான்று கேட்டால் இழுக்காமல் கொடுங்கள். நாலு வருடம் இருந்தால் வீடு அவர்களுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வாடகை கொடுத்து இருப்பவருக்கு அப்படியெல்லாம் வீடு போகாது. தவிர, தெருவில் தண்ணீர் தேங்குவது உங்களை விட அவருக்குத்தான் முதலில் தெரியும், அவர் ஓட்டும் அந்தத் தெருவுக்குத்தான்.

இவ்வளவு பார்த்தும் இரண்டு கட்சி ஒரே மாதிரி வந்து நின்றால் வீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். என் அம்மாவுக்கு அரசு ஆஸ்பத்திரி, என் தங்கைக்குக் கட்டணமில்லாத பஸ், எனக்கு நிம்மதியாகத் தெருவில் நடப்பது, இதெல்லாம் ரசீதில் வராது. போன தேர்தலில் எங்கள் வீட்டில் மூன்று ஓட்டு மூன்று பக்கம் போனது, தாள் ஒன்றுதான், வட்டம் போட்ட இடம் வேறு வேறு.